அலுமினியம் ஃபிரேம் மூட்டு எவ்வளவு தாங்கும்? கேள்வி பதில்

கேள்வி: சார், 40-க்கு 40 மி.மீ. புரொஃபைலில் (நீளவாக்கில் பள்ளம் உள்ள அலுமினியச் சட்டம்) எல் பிராக்கெட் போட்டு ஷெல்ஃப் கட்டுகிறேன். பிராக்கெட் உடையும்வரை எடை ஏற்றிப் பார்க்கட்டுமா?

பதில்: பெரும்பாலும் உடைவதற்கு முன்பே வழுக்கிவிடும். புரொஃபைல் பள்ளத்துக்குள் நிற்கும் டி-நட்டை போல்ட் இறுக்குவதில் வரும் உராய்வுதான் பிராக்கெட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. எந்த எடையில் நகரத் தொடங்குகிறது என்று பாருங்கள். நிற்கும் தூண் புரொஃபைலை மேசையோடு அசையாமல் பிடித்து, 500 மி.மீ. புரொஃபைலை அதில் கிடைமட்டக் கையாக மாட்டி, மூட்டின் குறுக்கே ஊசியால் கோடு கீறுங்கள். மூட்டிலிருந்து 400 மி.மீ. தள்ளி வாளியைத் தொங்கவிட்டு, ஐந்தைந்து லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ, வாளி எடையையும் சேர்க்கவேண்டும். முதல் 5 கிலோவில் மூட்டு படியும். அதை இறக்கியபின், மூட்டருகே வைத்த டயல் கேஜை (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவி) பூஜ்யமாக்குங்கள். பிறகு ஒவ்வொரு எடையிலும் 5 நிமிடம் விட்டு, இறக்கிப் பாருங்கள். மூட்டருகே 0.1 மி.மீ. திரும்பாமல் நின்றால் வழுக்கிவிட்டது என்று கொள்ளுங்கள். வாளி தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: 20 கிலோவிலேயே முனை தாழ்கிறதே?

பதில்: கை தானே வளைவது. லைட் வகை புரொஃபைலில் அந்த எடைக்கு, வாளி தொங்கும் இடத்தில் 0.7 மி.மீ. போலத் தாழும், இறக்கினால் திரும்பும்.

கேள்வி: நன்றாக இறுக்கியும் வழுக்குகிறது அண்ணா.

பதில்: முதலில் போல்ட் நீளத்தைப் பாருங்கள். நீளமான போல்ட் பள்ளத்தின் அடியில் முட்டி நிற்கும். ஸ்பானருக்கு இறுக்கமாகத் தெரியும், பிராக்கெட் மட்டும் ஆடும். அடுத்தது, சுழலும் வகை டி-நட் முழுசாகக் குறுக்கே திரும்பியதா என்று பாருங்கள். பாதி திரும்பினால் பள்ளத்தின் உதடு கிழியும். எண்ணெயைத் துடைத்துவிட்டு எம்8 (8 மி.மீ.) போல்டை டார்க் ரென்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) 20 நியூட்டன் மீட்டர் வையுங்கள். கைக்கணக்கு இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும், அந்த டெஸ்டுக்கு மதிப்பில்லை.

கேள்வி: பிராக்கெட் கைக்கு மேலேயா, கீழேயா?

பதில்: பார்வைக்குக் கீழே இருப்பதுதான் பலமாகத் தோன்றும். கணக்கு வேறு. மேலே வைத்தால் கையின் கீழ்விளிம்பு மூட்டு திரும்பும் அச்சாகி, தூண் போல்ட் 60 மி.மீ. தள்ளி இழுக்கும், கீழே வைத்தால் பிராக்கெட் நுனி அச்சாகி, தூரம் 20 மி.மீ. மட்டுமே. போல்ட் மேல் இழுவை மூன்று மடங்கு! இடமிருந்தால் இரண்டு பக்கமும் போடுங்கள்.

கேள்வி: மூன்று சாம்பிள் 35, 40, 28 கிலோவில் வழுக்கின. சராசரி எடுக்கலாமா?

பதில்: கூடாது, 28-ஐ எடுங்கள். 28 கிலோ × 9.8 (ஈர்ப்பு) × 0.4 மீட்டர் தூரம் = சுமார் 110 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. அசையாத ஷெல்ஃபுக்கு, பாதுகாப்புக்காக அதை மூன்றால் வகுத்தால் 37. எடை 200 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் 18 கிலோ. மோட்டார் அதிரும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே மோட்டாரை ஓடவிட்டே, மூட்டில் கீறிய கோடு நகர்கிறதா என்று பாருங்கள்.