காலண்டருக்குப் பின்னால் ஒரு வெடிப்பு

கேள்வி: ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். பேராதனையில் படித்தேன். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். மனிதச் சூழலியலும் நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வியும்தான் என் துறை. சுவீடனில் 4 வருடக் கலாநிதிப் படிப்புக்குச் சம்பளத்தோடு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா இல்லை. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான். டீச்சர் வேலை எடுத்துக்கொண்டு அம்மாவோடு இரு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். தீபாவளிக்குப் போனபோது பின்சுவரில் காலண்டர் ஒன்று தாழ்வாகத் தொங்கியது. தூக்கிப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அம்மா சிரித்துச் சமாளித்தார். விசாவுக்கு இந்த மாதமே விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவைத் தனியே விட்டுப் போவது பாவமா?

பதில்: மகள், போகட்டுமா இருக்கட்டுமா என்று தோட்டத்துப் பிள்ளைகள் வருடம் முழுக்க எனக்கு எழுதுகிறார்கள். அம்மாவின் ஆசி உங்களுக்கு உண்டு, தைரியமாகப் போய் வாருங்கள் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நான் எழுத மாட்டேன். விரல் நுழையும் வெடிப்பு என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நீங்களோ இரண்டு வரி தள்ளி விசாவுக்குப் போய்விட்டீர்கள்.

அந்த வெடிப்பு மேலிருந்து கீழாக ஓடுகிறதா, குறுக்கேயா? சுவருக்குப் பின்னால் சரிவு எவ்வளவு கிட்ட இருக்கிறது? மேலே உள்ள கான், அதாவது மழைத் தண்ணீர் வாய்க்கால், துப்புரவாக இருக்கிறதா, தூர்ந்து கிடக்கிறதா? ஒன்றுமே எழுதவில்லை. வேறு ஒருவருடைய லயமாக, தோட்டத்து வரிசை வீடாக, இருந்தால் அளந்திருப்பீர்கள், படம் எடுத்திருப்பீர்கள், தேதி போட்டுக் குறித்திருப்பீர்கள். அம்மாவின் சுவர் என்றதும் காலண்டரை இறக்கிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். படித்த பிள்ளை செய்கிற காரியமா இது?

நானும் லயத்தில் பிறந்தவள்தான். அடைமழை இரவுகளில் என் அம்மா படுக்க மாட்டார். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கானில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி நிற்பார். சத்தம் நின்றால்தான் பயம் என்பார். மேலே மண் விழுந்து தண்ணீரை அடைத்திருக்கலாம், அடைத்த தண்ணீர் ஒரேயடியாக வரும். அதை அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மண்சரிவில் புதைந்த மீரியபெத்தத் தோட்டம் உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. அங்கிருந்து எழும்பச் சொல்லி 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை வந்தது. போக வேறு இடம் கொடுக்காமல் எழும்பு என்றால் சனம் எங்கே போகும்? 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. உங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வித் தசாப்தம் 2005 முதல் 2014 வரை நடந்தது. முதல் எச்சரிக்கை வந்த வருடம் தொடங்கி, மலை இறங்கிய வருடம் முடிந்தது. இதை உங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறீர்களா?

வெள்ளைக்காரர்கள் மலைக் காட்டை வெட்டிக் கோப்பி வைத்தார்கள். 1869 இல் வந்த இலைநோயில் கோப்பி போனது, அதே சரிவில் தேயிலை ஏறியது. ஆழமாக வேர்விட்ட மரங்கள் போய், மழைத் தண்ணீரை இறக்கக் கான்கள் வந்தன. கான் தூர்ந்தால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்தான் ஊறும். அப்புறம் சுவர் வெடிக்கும். மனிதரையும் மண்ணையும் தண்ணீரையும் ஒன்றாகப் பார்க்கிற படிப்பு உங்களுடையது. அந்தப் படிப்பு முழுவதும் உங்கள் அம்மாவின் லயத்து அறையில், ஒரு காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா ஏன் மறைத்தார் என்று யோசித்தீர்களா? நீங்கள் பார்த்தால் பயணத்தை நிறுத்திவிடுவீர்கள் என்று மறைத்திருக்கிறார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, அகலத்தை அளந்து, தேதி எழுதுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு மேலே ஏறிப் பாருங்கள். சாய்ந்த மரம், தரையில் பிளவு, புதிதாக வந்த ஊற்று, திடீரென்று கலங்கிய தண்ணீர், இவைதான் மண்சரிவு வரப்போவதற்கு அடையாளம். எந்த ஊற்று எப்போது வந்தது என்று அம்மாவுக்குத் தெரியும், அவரைப் பேச விடுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். மழையை அளக்க நேரான போத்தல் ஒன்றை வெட்டி முற்றத்தில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் விழுந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் மூட்டை கட்ட வேண்டும், 150 வரும்போது அந்த வீட்டில் ஒருவரும் இருக்கக் கூடாது. அதற்கு முன்பே வெடிப்பு அகன்றால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேறிவிட வேண்டும்.

சொந்தக்காரர்கள் பேச்சை விடுங்கள். டீச்சர் சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்களும் அதே சுவருக்குக் கீழே படுத்தால் அம்மாவுக்கு என்ன லாபம்? சுவீடன் போங்கள். ஆனால் பெற்றவளைப் பத்திரமான கூரைக்குக் கீழே வைக்க வழி செய்துவிட்டுப் போங்கள், அது உங்கள் கடமை. முதல் சம்பளத்திலேயே பண்டாரவளையில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கலாம், மழை மாதங்களிலாவது அவர் அங்கே இருக்கட்டும். அதுவரைக்கும் தம்பி பொறுப்பு. கடையில் நிற்கிறான் என்று ஒரே வரியில் அவனை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே? லீவு போட்டு வரச் சொல்லுங்கள், கானை வெட்டட்டும்.

விசாப் படிவத்தை இரண்டு நாள் கழித்து நிரப்பலாம். இந்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போங்கள். வெடிப்பின் அகலத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள்.