கணவாய்ச் சாலை: ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை

கேள்வி: சமவெளியில் மட்டுமே கார் ஓட்டிப் பழகியவன் நான். குடும்பத்தோடு மலைப் பள்ளத்தாக்குகள் வழியாகச் சென்று, ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கத் திட்டம். டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத, மேனுவல் கியர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். ஏறுமா?

பதில்: ஏறும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்து சதவீதம் வலுவை இழக்கும். காற்று மெலிவதுதான் காரணம். மேலே வண்டி சோம்பினால் பழுது என்று பதறாமல் கியரைக் குறையுங்கள். ஏசியை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் வலு கிடைக்கும்.

நீங்கள் கேட்காத இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரத்துக்கு இணையான ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அதில் பெரும்பகுதி சக்கரங்களில் வெப்பமாகச் சேரும். பிரேக் பட்டைகள் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவில்லையென்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதற்கும் ஒரு கியர் குறைத்தாலும் தவறில்லை. எஞ்சின் இரையட்டும், அதன் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் குறியைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. வேகம் கூடும்போது பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து, வேகம் தணிந்ததும் முழுவதும் விட்டுவிடுங்கள். பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் கெடுதல்.

நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிறது. ஆபத்தும் இலவசமாகச் சேர்கிறது!

கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, தானாக ஆறும்வரை காத்திருங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடலாம், கோணலாகலாம்.

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். பல நாடுகளில் இதுவே விதியும்கூட. கொண்டை ஊசி வளைவில் புகைப்படத்துக்காக நிறுத்த வேண்டாம்.

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். சில மணி நேரத்தில் கடந்து இறங்கிவிட்டால் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை. ஆகவே, இரவுத் தங்கலைக் கணவாய்க்கு அருகே வைக்காமல் கீழே பள்ளத்தாக்கில் வையுங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்று ஈரத்தை மேலே தள்ளுவதால், பிற்பகலில் முகடுகளை மேகம் மூடுவது வழக்கம். காலையிலேயே கடந்தால் சாலையும் தெரியும், நீங்கள் பார்க்கப் போகும் காட்சியும் தெரியும்.