தூக்குவாளியோடு வரும் சிறுமி

கேள்வி: தோழிகள் சேர்ந்து மொபைலில் பத்து நிமிட க்ரைம் குறும்படம் எடுக்கப் போகிறோம். தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகையில் பணம் திருடு போகிறது, அந்தத் திருடன் பின்னாலேயே போவதுதான் கதை. நல்ல படங்களைப் பார்த்து அலசு என்கிறார்கள். பார்த்து முடித்தால் கதை மட்டும்தான் மனதில் நிற்கிறது. எப்படிப் பார்ப்பது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: ஒரே படத்தை எடுத்துக்கொண்டு நாலைந்து தடவை பாருங்கள். நான் சொல்வது 1903-ல் எட்வின் எஸ். போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'. ரயில் கொள்ளைதான் கதை. சுமார் 12 நிமிடம், 14 ஷாட் (வெட்டாமல் ஓடும் ஒரு துண்டு ஒரு ஷாட்), பேச்சே கிடையாது. எடிட்டிங் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், இதைப் பார்த்துத்தான் நோட்டில் கோடு கிழித்து எழுதப் பழகினேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டே கேள்வி: இப்போது நமக்கு என்ன தெரியும்? படத்தில் இருப்பவருக்கு என்ன தெரியாது?

முதல் ஷாட்டில் கொள்ளையர்கள் தந்தி அலுவலக ஊழியரைக் கட்டிப் போடுகிறார்கள். அப்புறம் எட்டு ஷாட் அவர்கள் பின்னாலேயே போகிறோம். பணப்பெட்டி வெடிக்கிறது, பயணிகளை வரிசையாக நிறுத்திப் பறிக்கிறார்கள், தப்பியும் விடுகிறார்கள். கட்டுண்டு கிடப்பவரை நாமும் மறந்தே போகிறோம். பத்தாவது ஷாட்டில் படம் அவரிடம் திரும்புகிறது. எழுந்து மேசையில் சாய்ந்து, மோவாயால் தந்திக் கருவியை அழுத்திவிட்டு மயங்கி விழுகிறார். அப்போதுதான் மகள் வருகிறாள், கையில் தூக்குவாளி. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சின்னப் பெண். கயிற்றை அறுத்து, முகத்தில் தண்ணீர் ஊற்றி எழுப்புகிறாள். வேட்டை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்தத் தூக்குவாளியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். காப்பாற்ற வேண்டும் என்று அவள் வரவில்லை, தினமும் வருகிற வேளைக்கு வருகிறாள். அதனால்தான் நம்புகிறோம்.

உங்கள் கதை முழுக்கத் திருடன் பின்னாலேயே ஓடுகிறது. கொட்டகையில் யாரை விட்டுவிட்டு வந்தீர்கள்? எடை எழுதுகிற பையன் உள்ளே பூட்டப்பட்டுக் கிடக்கட்டும். சாயங்காலம், மறந்து வைத்த குடையை எடுக்க ஒரு அக்கா திரும்பி வரட்டும். குடையை முதல் நிமிடத்திலேயே ஒரு மூலையில் காட்டிவிடுங்கள், அழுத்திக் காட்ட வேண்டாம்.

கேள்வி: எங்கள் க்ரைம் படத்தில் மலை ரயில் வர வேண்டும். ஸ்டேஷனில் போய் எடுத்துவிடலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: ரயில்வே அனுமதி இல்லாமல் வேண்டாம். ரயில் கண்ணில் பட்டே ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். மேலே சொன்ன படத்திலேயே தந்தி அலுவலக ஜன்னலில் வந்து நிற்கும் ரயில், தனியாக எடுத்து ஒட்டியதுதான். உங்களுக்கு அந்த வேலைகூடத் தேவையில்லை. ஒரு வீட்டு அறை, மூடிய ஜன்னல், தூரத்தில் ஊதும் சத்தம் போதும். குன்னூர்க்காரர்களுக்கு அதைக் கேட்டாலே ரயில் எங்கே வருகிறது என்று தெரியும். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வெளிப்புறக் காட்சி என்றால், பேசுகிற இருவரையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடுங்கள். லவ்டேல் பக்கம் ஒருமுறை ஒருவரைக் காலையிலும், எதிரில் நிற்பவரைச் சாப்பாட்டுக்குப் பிறகும் எடுத்தோம். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. இவர் வெயிலில், அவர் வெள்ளைக்குள். இரண்டு நாள் உட்கார்ந்தும் ஒட்டவில்லை, அந்தக் காட்சியையே படத்திலிருந்து நீக்கிவிட்டோம். ஒரு ஷாட்டை எத்தனையாவது தடவை எடுக்கிறீர்கள் என்று குறிக்கும் டேக் எண்ணுக்குப் பக்கத்தில் மணியையும் எழுதி வையுங்கள்.