முதுமை ஆராய்ச்சிக்கு உண்டியல்

கேள்வி: முதுமையைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சிக்கு இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டுகிறார்களாம். பேரன் நூறு டாலர் அனுப்பப் போகிறேன் என்கிறான். ஏமாற்று வேலைதானே?
– வாசகி, காரைக்குடி

எல்லாவற்றையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது, அம்மா. 2015இல் லைஃப்ஸ்பான்.ஐஓ தளத்தின் வழியாக, கலிஃபோர்னியாவில் உள்ள சென்ஸ் ஆய்வு அறக்கட்டளை உண்டியல் குலுக்கியது. கேட்டது 30,000 டாலர். விழுந்தது 46,000 டாலருக்கு மேல். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக 37 மரபணுக்கள் உண்டு. அவற்றில் புரதம் தயாரிப்பவை 13. வயதாக ஆக அவை பழுதாகின்றன. அவற்றின் நகலைப் பத்திரமான உட்கருவில் வைத்துவிட்டால் அங்கிருந்து வேலை நடக்குமா என்பதே அந்தப் பணத்தில் நடந்த ஆய்வின் கேள்வி. இரண்டு மரபணுக்களில் நடத்திக் காட்டி, 2016இல் நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச் இதழில் வெளியிட்டார்கள். கட்டுரையின் முதல் பெயர் அமுதா பூமிநாதன். பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமை. அறிவியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. பணம் போட்ட யாருடைய ஆயுளும் இதனால் ஒரு நாள்கூடக் கூடவில்லை. பேரன் அதைத் தெரிந்து கொடுப்பதானால் கொடுக்கட்டும். நன்கொடைக்குப் பதிலாக மாத்திரை தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணப்பையை மூடிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: மருந்துச் சோதனைகளையும் இப்படியே நடத்திவிடலாமே?
– வாசகர், திருநெல்வேலி

முயன்றார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் ராபமைசின் மருந்து முதுமையைத் தள்ளிப்போடுமா என்று, வாரம் ஒருமுறை, 48 வாரங்களுக்குக் கொடுத்துப் பார்த்த பேர்ல் சோதனைக்கு 2021இல் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. பிறகுதான் தெரிந்தது: அவர்கள் தனியாகத் தயாரிக்கச் செய்த மாத்திரை, வழக்கமான மாத்திரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவே இரத்தத்தில் சேர்ந்திருக்கிறது. வயிற்றுக்குள் படியும் கொழுப்பு குறையும் என்ற முதன்மை எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. இதையெல்லாம் மறைக்காமல் அச்சில் போட்டார்களே, அதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

பெரிய சோதனை வேறு கணக்கு. ஒரு மருந்து முதுமை நோய்களைத் தள்ளிப்போடுமா என்று பார்க்க, முதுமை ஆய்வாளர் நிர் பார்சிலாய் திட்டமிட்ட டேம் சோதனைக்கு 65 முதல் 79 வயதுக்குட்பட்ட 3,000 பேர் வேண்டும். ஆறு ஆண்டுகள் ஆகும். செலவு கோடிக்கணக்கான டாலர். மருந்தோ காப்புரிமை தீர்ந்துபோன மலிவான சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின். லாபம் இல்லாத இடத்தில் எந்தக் கம்பெனி பணம் போடும்? உண்டியலில் விழும் சில்லறையும் அதற்குக் காணாது. அரசாங்கங்கள்தான் முன்வர வேண்டும்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நூறு வயது உறுதியா?
– வாசகர், ஈரோடு

சர்க்கரைக்காகச் சாப்பிடுங்கள், ஐயா. நூறைப் பற்றி அந்த 3,000 பேரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.