மோதிய காரின் சேசிஸ் அளவு: கேள்வி பதில்

கேள்வி: முன்பக்கம் மோதிய கார். மூலைக்கு மூலை டேப் பிடித்தேன், இரண்டும் ஒரே அளவு. சேசிஸ் நேர்தானே அண்ணே?

பதில்: அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்ளே போயிருந்தாலும் மூலைவிட்டம் சமமாகத்தான் வரும். நீளத்தைக் கம்பெனி அளவுத்தாளோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். முன்முனை மேலேறியதா, கீழிறங்கியதா என்பதும் மூலைவிட்டத்தில் தெரியாது.

முதலில் கேபினுக்கு அடியில், அடிபடாத நடுப்பகுதியின் நான்கு புள்ளிகளைச் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் அங்கிருந்து முன்னே போகலாம். பிறகு சப்ஃப்ரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்) போல்ட் ஓட்டைகள், கடைசியில் ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் மேல்முனை பொருந்தும் இடம்). ஒவ்வொன்றிலும் நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். பொதுவாக 3 மி.மீ. வரை வித்தியாசம் விடலாம். அளவுத்தாள் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு.

கேள்வி: ஓட்டை இரண்டும் வேறு வேறு சைஸ். எங்கே பிடிப்பது?

பதில்: உள்விளிம்புகளுக்கு இடையே ஒரு முறை, வெளிவிளிம்புகளுக்கு இடையே ஒரு முறை. கூட்டி இரண்டால் வகுங்கள். 985, 1015 வந்தால் மையத்துக்கு மையம் 1000 மி.மீ.

கேள்வி: டேப் போதாதா, ட்ராம் கேஜ் (இரு முனையிலும் ஊசி வைத்த நேர்கம்பி அளவுகோல்) எதற்கு?

பதில்: குறுக்கே எஞ்சின் இருந்தால் டேப் வளையும், அளவு கூடிவிடும். கேஜ் வாங்கினாலும் அளவுத்தாளைக் கவனியுங்கள்: சிலவற்றில் புள்ளிக்குப் புள்ளி நேர்த்தூரம், சிலவற்றில் வண்டிக்கு அடியில் கற்பனையாக வைத்த சமதளத்துக்கு இணையான தூரம். மாற்றிப் படித்தால் நல்ல வண்டியும் கோணலாகத் தெரியும்.

கேள்வி: வீல் அலைன்மென்ட் மெஷினில் எல்லாம் பச்சை. அப்புறம் என்ன?

பதில்: டோவை (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவை) திருகிப் பச்சை வரவைக்கலாம். எஸ்.ஏ.ஐ. கோணம் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் உட்சாய்வு) இடம், வலம் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

கேள்வி: மூலைவிட்டம் சமமாக இருந்தால்…

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அளவுத்தாள் எல்லா வண்டிக்கும் கிடைக்காது. இடத்தை வலத்தோடு ஒப்பிட்டாலே போதும் என்பேன்.

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லா வண்டியும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய ரெனோ 4 காரில் பின்பக்க டார்ஷன் பார்கள் (முறுக்கில் ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் கம்பிகள்) ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடப்பதால், வீல்பேஸே (முன், பின் சக்கர மையங்களுக்கு இடைத்தூரம்) இடத்துக்கும் வலத்துக்கும் 48 மி.மீ. வித்தியாசம். அதை "சரிசெய்ய" இழுத்தால் வண்டி கெட்டது! தாள் இல்லையென்றால் அடிபடாத அதே மாடலை, அதே வருடத்து வண்டியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வளைந்த பகுதியைத் தீ காட்டி, செயின் போட்டு இழுக்கலாமா?

பதில்: போரான் ஸ்டீல் (மிகக் கடினமான எஃகு) பகுதிக்குத் தீயும் கூடாது, இழுக்கவும் கூடாது, மாற்றுங்கள். மற்ற இடத்தில் இழுத்தபின், செயினைத் தளர்த்திவிட்டு அளந்து பாருங்கள். இழுவிசையில் சரியாகத் தெரிந்த அளவு, விட்டதும் சில மி.மீ. பின்வாங்கும்.