சொகுசு பூட்ஸா, வேக பூட்ஸா? முதலில் நீளத்தைப் பாருங்கள்

கேள்வி: சூரிச்சில் வசிக்கிறேன். வயது 39, எடை 78 கிலோ. சில குளிர்காலங்களாக வாடகைச் சாமான்களில் பனிச்சறுக்கு போய்வருகிறேன். நீலத் தடங்கள் சுலபம், சிவப்புத் தடங்களிலும் தடுமாறாமல் இறங்கிவிடுவேன். பிப்ரவரியில் ஒரு வாரம் செர்மாட் என்ற சுவிஸ் மலையூருக்குப் போகிறோம். இந்த முறை சொந்த பூட்ஸ் வாங்கலாம் என்று இரண்டு ஜோடி போட்டுப் பார்த்தேன். ஒன்று 27.5 அளவு, 102 மி.மீ. அகலம், ஃப்ளெக்ஸ் (விறைப்பு எண்) 90. போட்டதும் சுகமாக இருக்கிறது. இன்னொன்று 26.5 அளவு, 97 மி.மீ., ஃப்ளெக்ஸ் 130. ஐந்து நிமிடத்தில் வலி தாங்கவில்லை. ஆனால் நன்றாகச் சறுக்கும் நண்பர் ‘இதுதான் உன்னை முன்னேற்றும்’ என்கிறார். என் பாதம் 26.3 செ.மீ. நீளம், முன்பக்கம் அகலம், உள்வளைவு இல்லாத தட்டைப் பாதம். எதை எடுப்பது? மனைவி இந்த வருடம்தான் முதன்முறையாகச் சறுக்கப் போகிறார். அவருக்கும் வாங்கவா?

பதில்: இரண்டையும் கடையிலேயே விட்டுவிடுங்கள். முதலாவதில் அகலம் பரவாயில்லை, நீளம் தப்பு. இரண்டாவதில் நீளம் சரி, அகலமும் விறைப்பும் தப்பு. நீங்கள் தேட வேண்டியது 26.5 அளவு, 100 முதல் 102 மி.மீ. அகலம், ஃப்ளெக்ஸ் 100-ஐ ஒட்டிய ஒரு பூட்ஸ். ‘சொகுசு’, ‘செயல்திறன்’ என்று கடைக்காரர்கள் பிரித்து அடுக்கியிருப்பதை மறந்துவிட்டு நீளம், கன அளவு (உள்ளே பாதத்துக்குக் கிடைக்கும் இடம்), விறைப்பு என்று இந்த வரிசையில் பாருங்கள். நீளம் தப்பினால் மற்ற இரண்டையும் எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது.

பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு எண் மோண்டோபாயிண்ட் முறையில் வருவது. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது, அவ்வளவுதான். உங்கள் 26.3-க்கு 26.5 எடுக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அரை அளவுகளுக்குத் தனி வெளிக்கூடு கிடையாது. பெரும்பாலான நிறுவனங்களில் 26-க்கும் 26.5-க்கும் ஒரே பிளாஸ்டிக் கூடுதான்; உள்ளே போகும் இன்சோலிலோ (பாதத்துக்கு அடியில் வைப்பது) லைனரிலோதான் (மெத்தென்ற உள்ளுறை) சின்ன வித்தியாசம். சில நிறுவனங்கள் 26.5-ஐயும் 27-ஐயும் ஜோடி சேர்க்கும். குதிகால் பக்கம் கூட்டின் மேல் மி.மீ. கணக்கில் ஓர் எண் பொறித்திருக்கும். அது அடிப்பாகத்தின் நீளம். இரண்டு அளவுகளில் அந்த எண் ஒன்றாக இருந்தால் கூடும் ஒன்றே. 27.5-க்குப் போனால் கூடே சுமார் 10 மி.மீ. நீண்டுவிடும்.

அட்டையில் போட்டிருக்கும் 102 மி.மீ. அகலமும் 26.5 அளவில் எடுத்த கணக்குதான். ஒரு முழு அளவு கூடினால் அகலம் சுமார் 2 மி.மீ. கூடும். ஆக, நீங்கள் போட்டுப் பார்த்த 27.5 உண்மையில் 104 மி.மீ.-ஐ நெருங்குகிறது. சுகமாக இராமல் என்ன செய்யும்?

அந்தச் சுகம் கடைக் கம்பளத்தோடு சரி. சரிவில் இறங்கும்போது குதிகால் மேலே எழும்பும். பாதம் முன்னால் வழுக்கி விரல் நுனி கூட்டில் இடிக்கும். கால் நழுவுகிறதே என்று பக்கிள்களை இன்னும் இரண்டு பல் இறுக்குவீர்கள். இறுக்கம் குதிகாலுக்குப் போகாது. பாதத்தின் மேட்டில், ரத்த நாளமும் நரம்பும் தோலுக்கு அடியிலேயே ஓடும் இடத்தில் போய் அழுத்தும். அரை மணியில் விரல்கள் மரத்துப்போகும், பிறகு சில்லிடும். கூட்டுக்குள் பிடிமானம் தேடி விரல்களை மடக்கிக் கொண்டே இறங்குவதால் உள்ளங்காலில் தசைப்பிடிப்பு வரும். கணுக்காலுக்கு மேல் இருக்கும் இடைவெளியில் முன்னெலும்பு போய்ப்போய் மோதிக் கன்றிப்போகும். நகம் கறுத்தால் ‘பூட்ஸ் சின்னது’ என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பல நேரம் அது பெரிதாக இருப்பதன் அடையாளம்.

கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் எண்ணை மட்டும் கேட்டுப் பெட்டியை எடுத்துவரும் கடையில் வாங்காதீர்கள். லைனரை உருவி வெளியே எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் பாதத்தை வையுங்கள். விரல்கள் முன்சுவரை லேசாகத் தொடட்டும். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை விரல் விட்டுப் பாருங்கள். 10 முதல் 15 மி.மீ., அதாவது ஒரு விரல் தடிமன், நன்றாகச் சறுக்குகிறவர்களுக்கான இறுக்கம். 20 மி.மீ. வரை சொகுசுப் பக்கம். 25-ஐத் தாண்டினால் அந்தக் கூடு உங்களுக்குப் பெரிது. லைனர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சில நாளில் நசுங்கிவிடும். உங்களுக்கு 15-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. அப்படியே பக்கவாட்டையும் பாருங்கள்: பாதத்தை நடுவில் வைத்தால் இருபுறமும் சில மி.மீ. இடம் தெரிய வேண்டும். சுண்டுவிரலின் அடிமூட்டு மட்டும் தொட்டால் கவலை இல்லை. பாதமே பக்கச் சுவர்களுக்கு இடையில் சிக்கிக்கொண்டால் கூடு மாற வேண்டும்.

அடுத்து லைனரோடு போடுங்கள். முழங்கால்வரை நீளும் ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும். இரண்டு போட்டால் வியர்வை தங்கி இன்னும் குளிரும். குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். கணுக்காலுக்கு மேலிருக்கும் இரண்டு பக்கிள்களை முதலில் பூட்டி, முழங்காலை முன்னால் பல முறை அழுத்தி, பிறகு பாதத்தின் மேலுள்ள இரண்டையும் முதல் பல்லில் மட்டும் மாட்டுங்கள். கடைசியாக மேல் பட்டை. நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்னால் முட்ட வேண்டும். முழங்காலை மடக்கியதும் ஓரிரு மி.மீ. விலக வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது முட்டுவதை வைத்துத்தான் பலரும் ஓர் அளவு பெரிதாக வாங்கி ஏமாறுகிறார்கள். இருபது நிமிடம் கழற்றாமல் நில்லுங்கள். சுற்றிலும் ஒரே சீராக இறுகப் பிடித்திருப்பது நல்லது. ஊசி குத்துவதுபோல் ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அந்த இடத்தை ஃபிட்டரிடம் (பூட்ஸைக் காலுக்குப் பொருத்தித் தருபவர்) காட்டுங்கள்.

இப்போது உங்கள் தட்டைப் பாதம். உடல் எடை ஏறும்போது அது தாழ்ந்து நீளும், அகலும். உட்கார்ந்து அளந்தால் ஒரு கணக்கு, நின்று அளந்தால் வேறு கணக்கு. பூட்ஸோடு வரும் இன்சோல் ஒரு மெல்லிய அட்டைக்கு மேல் இல்லை. உள்வளைவைத் தாங்கும் கெட்டியான இன்சோல் வைத்தால் பாதம் சில மி.மீ. குறுகும், கணுக்கால் உள்பக்கம் சாய்வதும் குறையும். எனவே அகலம் போதவில்லை என்று கூட்டை மாற்றுவதற்கு முன் இன்சோலை வைத்துப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் இருமுறை செலவு. வெறுங்காலிலும் திறந்த செருப்பிலும் வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்தும் குதிகால் ஒல்லியாகவும் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட காலுக்கு எல்லாப் பக்கமும் அகன்ற பூட்ஸ் எடுத்தால் குதிகால் ஆடும். 100 மி.மீ. கூட்டை எடுத்து, சுண்டுவிரல் மூட்டுக்கு நேரே சூடாக்கி வெளியே தள்ளச் சொல்வதுதான் சரியான வழி. பாலியூரித்தேன் கூடு சில மி.மீ. தாராளமாக விரியும். ஆறியதும் கொஞ்சம் பின்வாங்கும், ஆகவே ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். செர்மாட் போக மூன்று வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிப்ரவரிப் பள்ளி விடுமுறையை ஒட்டி ஃபிட்டர்களுக்கு நேரம் இருக்காது.

விறைப்புக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் எண்ணுக்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 110-ஆக இருக்கலாம். தோராயமாக, ஆண்களில் புதியவர்களுக்கு 70 முதல் 90, நடுத்தரத்துக்கு 90 முதல் 110, வேகமாகவும் திண்மையாகவும் சறுக்குகிறவர்களுக்கு 120, 130. எடை கூடினால் எண்ணும் கூட வேண்டும். உங்கள் 78 கிலோவுக்கு 90 சற்றுத் தொளதொளக்கும், 130 வளைந்தே கொடுக்காது. கணுக்கால் மடங்காவிட்டால் இடுப்பு பின்னால் போகும், ஸ்கீயின் முன்பகுதி பனியைக் கடிக்காது, தொடை எரியும். நண்பருக்கு 130 வளைகிறது, ஏனென்றால் அவர் அதை வளைக்கும் அளவுக்கு முன்னால் அழுத்திச் சறுக்குகிறார். பூட்ஸ் அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தராது.

இதையும் கணக்கில் எடுங்கள்: பாலியூரித்தேன் குளிரில் இறுகும். 20 டிகிரி கடையில் நன்றாக மடங்கியது மைனஸ் 15-இல் கட்டைபோல் நிற்கும். செர்மாட் ஊர் 1,620 மீட்டர் உயரத்தில். மேலே மாட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் நிலையம் 3,883 மீட்டரில். பிப்ரவரியில் காலை முதல் கேபிள் காரில் ஏறினால் இந்த வித்தியாசம் கணுக்காலிலேயே தெரியும். கடையில் ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றும் விறைப்பைவிட ஒரு படி குறைவாக எடுத்தாலும் தப்பில்லை. பல பூட்ஸ்களில் பின்பக்கம் இரண்டு திருகாணிகள் இருக்கும். ஒன்றைக் கழற்றினால் கொஞ்சம் இளகும். அது 130-ஐ 100-ஆக்கிவிடாது.

பந்தய வீரர்களின் பூட்ஸைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவற்றின் அகலம் 95 மி.மீ.-க்கும் கீழே போகும், ஃப்ளெக்ஸ் 150-ஐத் தொடும். தொலைக்காட்சியில் கவனியுங்கள்: எல்லைக்கோட்டைத் தாண்டிய கையோடு குனிந்து பக்கிளைத் திறப்பார்கள். அவர்கள் அதை இறுக்கி வைத்திருப்பது இரண்டு நிமிடம். நீங்கள் போட்டிருக்கப் போவது ஆறு மணி நேரம்.

அண்மையில் வந்திருக்கும் திருகு-கம்பி மூடும் முறை, அதாவது போவா, முன்பாதத்தைச் சீராகச் சுற்றிப் பிடிக்கிறது. மேடான பாதத்துக்கு நல்லது. அதற்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டாம். சூடாக்கிப் பதிக்கும் லைனரை மட்டும் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடம் சூடாக்கி, இன்னொரு பத்து நிமிடம் பூட்ஸில் அசையாமல் நின்றால் உங்கள் கணுக்காலின் வடிவம் அதில் பதியும். பிறகு வீட்டில் நாலைந்து மாலைகள், ஒரு மணி நேரம் வீதம் போட்டிருங்கள்.

வாடகை ஸ்கீயோடு சொந்த பூட்ஸைச் சேர்க்கும்போது அடிப்பாகத்தைக் கவனிக்க வேண்டும். பழைய தட்டையான அடிப்பாகத்தின் தரக் குறியீடு ஐஎஸ்ஓ 5355. நடக்க வசதியாக முன்னால் வளைந்து, ரப்பர் ஒட்டியது கிரிப்வாக், ஐஎஸ்ஓ 23223. கிரிப்வாக் பூட்ஸை அதற்கென்று குறியிட்ட பைண்டிங்கில் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) மட்டுமே மாட்டலாம். பொருந்தாத பைண்டிங்கிலும் ‘க்ளிக்’ என்று மாட்டிக்கொள்ளும், விழும்போது கழலாமல் போகும். அப்படி ஆனால் முழங்கால் தசைநார் அறுந்துபோகலாம். வாடகைக் கடையில் உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் விதம், அடிப்பாக நீளம் ஐந்தையும் சொல்லிப் பைண்டிங்கை அமைக்கச் சொல்லுங்கள். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

செர்மாட்டில் பெட்ரோல், டீசல் கார்கள் ஓடாது. விடுதியிலிருந்து லிஃப்டுக்கு மின்பேருந்தோ மின் டாக்சியோ நடையோதான். நடப்பதாக இருந்தால் மேல் பக்கிள்களைத் திறந்துவிடுங்கள். கிரிப்வாக் அடிப்பாகத்துக்கு இங்கே மரியாதை உண்டு. நீள உள்ளாடையை பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், முன்னெலும்பில் அதன் மடிப்பே காயமாக்கும். கால் நகங்களை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். இரவில் லைனரை உருவிக் காயவையுங்கள், ஆனால் ஹீட்டர் மேல் வைக்க வேண்டாம்; பதித்த வடிவம் குலைந்துவிடும். மறுபடி லைனரைப் போட்டதும் பக்கிள்களை லேசாக மாட்டி வைத்தால் கூடு அகன்றுபோகாது. பூட்ஸ் இரவு முழுக்கக் குளிரில் கிடந்தால் காலையில் காலை நுழைப்பதே போராட்டம்.

மனைவிக்கு வாங்க வேண்டாம். முதல் வாரத்தில் காலும் பழக்கமும் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. செர்மாட்டிலேயே வாடகைக்கு எடுங்கள், சூரிச்சில் எடுத்துப் போகாதீர்கள். பொருந்தாவிட்டால் மறுநாள் அதே கடையில் மாற்றிக்கொள்ளலாம். வாடகை லைனர்கள் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். அதனால் இரண்டு அளவுகளுக்கு நடுவில் தடுமாறினால் சின்னதைக் கேளுங்கள். ஃப்ளெக்ஸ் 60, 70 போதும். பெண்களுக்குக் கெண்டைத்தசை பெரும்பாலும் கீழே தொடங்கும், எனவே கால்தண்டு தாழ்ந்த, மேல்பக்கம் விரிந்த பெண்கள் மாடல் வேண்டும். ஆண்கள் பூட்ஸின் சின்ன அளவைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

உங்கள் புதிய பூட்ஸ் இரண்டாம் நாளும் ஓரிடத்தில் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வாரத்தைத் தள்ள வேண்டாம். மாலையில் கழற்றிய கையோடு, சிவந்திருக்கும் இடத்தைத் தோலிலேயே பேனாவால் வட்டமிட்டு ஊரிலிருக்கும் ஃபிட்டரிடம் போங்கள். வெறும் கூட்டுக்குள் மெல்லிய காலுறையோடு பாதத்தை வைத்து, காலுறைமேல் அந்த இடத்தில் லிப்ஸ்டிக் தடவி அழுத்தினால் பிளாஸ்டிக்கில் எங்கே தள்ள வேண்டும் என்பது அச்சாகப் பதிந்துவிடும். பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் வேலை முடியும்.