ஓ.டி. கட்டணத்துக்காக பேங்க் மாறலாமா? முதுநகர் கடைக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் விசைப்படகு இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தனியார் வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் இருக்கிறது. கடைச் சரக்கின் பேரிலும் வீட்டுப் பத்திரத்தின் பேரிலும் 25 லட்சம் ஓ.டி. (ஓவர் டிராஃப்ட், அக்கவுண்ட்டில் இருப்பதைத் தாண்டியும் எடுக்க விடும் கடன்) லிமிட். 2025-ல் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 2,55,000 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். வட்டி 12.5 சதவீதம். எங்கள் தெருவிலேயே இருக்கும் இன்னொரு வங்கி 11.25 சதவீதத்துக்குத் தருகிறேன், முதல் வருஷம் பிராசசிங் ஃபீஸ் கிடையாது என்கிறது. மாறிவிடலாமா? ஸ்டேட்மென்ட்டும் சாங்ஷன் லெட்டரும் (கடன் அனுமதிக் கடிதம்) அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இப்போது மாறாதீர்கள். செப்டம்பரில் ரினியூவல் வரும்போது மாற வேண்டியிருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் இப்போது இருக்கும் வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டியது நிறைய இருக்கிறது.

உங்கள் ஸ்டேட்மென்ட்டை ஒரு பேப்பரில் பிரித்து எழுதினேன். 2,55,000-ல் வட்டி மட்டும் 2 லட்சம், அதாவது சராசரியாக 16 லட்சம் எடுத்து ஓட்டியிருக்கிறீர்கள். மிச்சம் 55,000-தான் கட்டணம். அதில் ரினியூவல் ஃபீஸ் ஜி.எஸ்.டி.யோடு 14,750, லிமிட் தாண்டியதற்கு 11 தடவை சேர்த்து 12,980, செக் ரிட்டர்ன் நான்குக்கு 2,360, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு, பாக்கி விவரத்தை மாதா மாதம் வங்கிக்கு அனுப்பும் பட்டியல்) லேட் ஆனதற்கு 2,360, எஸ்.எம்.எஸ்., லெட்ஜர் என்று 1,310. இது போக மிச்சமிருக்கும் 21,240 ரூபாய் என்ன தெரியுமா? கேஷ் டெபாசிட் கட்டணம். ஓ.டி.க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏலம் முடிந்து படகுக்காரர்கள் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள், நீங்கள் அப்படியே கட்டுகிறீர்கள், உங்கள் அக்கவுண்ட் வகையில் மாதம் இவ்வளவுதான் இலவசம் என்று இருக்கும் வரம்பைத் தாண்டினவுடன் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விழுகிறது. கட்டணங்களிலேயே பெரிய தொகை இதுதான். ஒரே வங்கியில் கரண்ட் அக்கவுண்ட்டே நாலைந்து வகை இருக்கும். மேல் வகைக்கு மாற்றினால் இலவச வரம்பு கூடும், சராசரி பேலன்ஸ் நிபந்தனையும் கூடும், உங்கள் டர்ன் ஓவருக்கு எது ஒத்துவரும் என்று கிளையில் கேட்டு ஒரு கடிதத்தோடு முடிக்கிற வேலை.

சரி, இப்போது அந்த 11 தடவைக்கு வருவோம். இதில் 8 தடவை மே 1-க்கும் ஜூன் 25-க்கும் நடுவில் நடந்திருக்கிறது, இதைப் பார்த்தவுடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெளியில் இருப்பவர்கள் அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வியாபாரமே இருக்காது என்று நினைப்பார்கள், ஆனால் படகைக் கரையேற்றி இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பதே அப்போதுதான், உங்களுக்கு விற்பனை உச்சத்தில் இருக்கும், எல்லாம் கடனுக்கு. பணம் வருவது தடை முடிந்து நாலு தடவை கடலுக்குப் போய் வந்த பிறகு. சென்னை டீலருக்கு நீங்கள் கொடுத்த செக் மட்டும் மே மாதமே வந்து நிற்கும்.

ஆனால் மே 23-ஆம் தேதி திரும்பிய செக்கைப் பாருங்கள். 1,85,000 ரூபாய். அன்றைக்கு உங்கள் பாக்கி 19,40,000, லிமிட் 25 லட்சம், இன்னும் 5,60,000-க்கு இடம் இருக்கிறது. அப்படியும் பணம் போதவில்லை என்று செக் திரும்பியிருக்கிறது. ஏன் என்று யோசித்தீர்களா? இரண்டு வரி மேலே ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வரவில்லை என்று 1,180 பிடித்திருக்கிறார்கள். கடையில் கூட்டம், நீங்கள் அனுப்ப மறந்திருப்பீர்கள். லிமிட் 25 லட்சம் என்பது ஒரு மேல்வரம்புதான், உண்மையில் எடுக்க முடிகிற தொகையை வங்கியில் டிராயிங் பவர் என்பார்கள். சரக்கு, வரவேண்டிய பாக்கி இரண்டையும் கூட்டி, நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கழித்து, அதில் ஒரு பங்கைத் தள்ளி அதைக் கணக்கிடுவார்கள். மாதா மாதம் ஸ்டேட்மென்ட் போகாவிட்டால் பழைய டிராயிங் பவர் காலாவதியாகி கம்ப்யூட்டர் அதைக் குறைத்துவிடும், அந்த நிமிஷமே நீங்கள் லிமிட் தாண்டினவர் ஆகிவிடுவீர்கள். மே 26 திங்கட்கிழமை நீங்கள் ஸ்டேட்மென்ட் அனுப்பியதும் அதே செக் பாஸ் ஆகியிருக்கிறது பாருங்கள். புது வங்கியிலும் இதேதான் நடக்கும், அங்கேயும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். வங்கியின் கடன் பிரிவில் இருந்த காலத்தில் நல்ல கடைக்காரர்கள் எத்தனையோ பேர் இந்த ஒரு காகிதத்தால் பேரைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மாதம் 5-ஆம் தேதிக்குள் அனுப்புகிற வேலையை உங்கள் கணக்கு எழுதுகிறவர் தலையில் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, 90 நாளைத் தாண்டின பாக்கியைப் பெரும்பாலும் டிராயிங் பவருக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏப்ரலில் கொடுத்த கடன் ஜூலை நடுவில் அந்தக் கோட்டைத் தாண்டும்.

ஆக, இப்போதே மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தடைக்காலத் தேதி, போன இரண்டு வருஷ ஏப்ரல்–ஜூலை விற்பனை, கடன் வசூலான தேதிகள் எல்லாம் வைத்து, மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துக்கு மட்டும் 5 லட்சம் அட்ஹாக் (தற்காலிகக் கூடுதல்) லிமிட் கேளுங்கள். மே மாதம் போய்க் கேட்டால் அவசரத்துக்குக் கேட்கிறார் என்று பார்ப்பார்கள், மார்ச்சில் கேட்டால் திட்டம் போட்டுத் தொழில் செய்கிறவர் என்று பார்ப்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்திலேயே வட்டியைப் பற்றியும் கேளுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2025-ல் மட்டும் ரெப்போ 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியிருக்கிறது, அதாவது 1.25 சதவீதம். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் ஜனவரியிலும் 12.5, டிசம்பரிலும் 12.5. உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தால் அதன் நகலை வைத்து, என் கடன் எந்த அளவுகோலோடு இணைந்திருக்கிறது, ஏன் இறங்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். 16 லட்சத்துக்கு 1.25 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 20,000. உங்கள் தெரு வங்கி காட்டும் ஆசையும் சரியாக இந்த 20,000-தான்!

ஜி.எஸ்.டி.யையும் விடாதீர்கள். கடன் நிபந்தனையை மீறியதற்கு வங்கி போடும் அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2025 ஜனவரியில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை மூலம் தெளிவாக்கிவிட்டது. லிமிட் தாண்டியதிலும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலும் உங்களிடம் 2,340 ரூபாய் வரி பிடித்திருக்கிறார்கள், எந்தத் தலைப்பில் பிடித்தார்கள் என்று கேட்டு, அபராதம் என்றால் திருப்பிக் கேளுங்கள். ரினியூவல், கேஷ் டெபாசிட், செக் ரிட்டர்னுக்குப் போன 5,850 வரியை நீங்கள் காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இல்லையென்றால் இன்புட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும். புதுச்சேரி 34 என்பதால் ஐ.ஜி.எஸ்.டி.யாக (மாநிலம் தாண்டும்போது போடும் ஜி.எஸ்.டி.) வரும், அதில் தவறில்லை. பதிவே இல்லாவிட்டால்தான் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் உங்கள் இன்புட் வரியைக் காட்டும் 2பி பட்டியலில் வராது.

இப்போது ஏன் மாறக் கூடாது என்பதற்கு வருகிறேன். சாங்ஷன் லெட்டரின் மூன்றாம் பக்கத்தில், காலத்துக்கு முன் முடித்தால் லிமிட்டில் 2 சதவீதம் என்று இருக்கிறது. அது 50,000 ரூபாய். தனிநபர், குறு, சிறு தொழில்களின் மாறும் வட்டிக் கடனுக்கு வங்கிகள் இப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி 2026 ஜனவரி 1 முதல் கொடுத்த அல்லது ரினியூ ஆன கடன்களுக்குத்தான். உங்களுடையது 2025 செப்டம்பரில் ரினியூ ஆனது. அதனால் ரினியூவல் தேதி வரை பொறுத்திருந்து, இனி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, அந்தத் தேதியில் முடிப்பதுதான் வழி. மேலே ஆகும் செலவும் இருக்கிறது. புது வங்கிக்கு வக்கீலின் லீகல் ஒப்பீனியன், இன்ஜினியர் வேல்யுவேஷன், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் ஒப்படைத்த ஆவணத்தைப் பதிய முத்திரைக் கட்டணம், பழைய வங்கியின் வில்லங்கத்தை நீக்க ரசீது ஆவணம். “பிராசசிங் ஃபீஸ் இல்லை” என்ற வாக்கியத்துக்குள் இதெல்லாம் அடங்காது, எது யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள். இரண்டாம் வருஷம் ஃபீஸ் எவ்வளவு, கேஷ் டெபாசிட் வரம்பு என்ன, லிமிட் தாண்டினால் என்ன என்பதையும் சேர்த்து வாங்குங்கள்.

உங்கள் தெரு வங்கியில் ரொக்கம் கட்ட மட்டும் ஒரு கரண்ட் அக்கவுண்ட் தொடங்கலாமே என்று தோன்றலாம். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு கோடிக்கணக்கில் கடன் உள்ளவர்களுக்குத்தான், உங்களுக்குத் தடையில்லை. ஆனால் விற்பனைப் பணம் ஓ.டி. அக்கவுண்ட் வழியாக ஓடவில்லை என்றால் ரினியூவலில் லிமிட்டைக் குறைப்பார்கள், சாங்ஷன் லெட்டரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அட்ஹாக் தர மாட்டேன், வட்டியும் இறக்க மாட்டேன் என்று வங்கி சொன்னால், அல்லது 30 நாளில் பதிலே வராவிட்டால், செப்டம்பரில் தாராளமாகக் கிளம்புங்கள். வட்டி விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) புகாரும் கொடுக்கலாம், இலவசம், 14448-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கிளம்பும்போது மொபைல் நம்பரை போர்ட் செய்கிற மாதிரி ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது. டீலர்களிடம் இருக்கும் பின்தேதி செக்குகளை முதலில் திரும்ப வாங்கிவிட்டுப் புதிது கொடுங்கள். அக்கவுண்ட் மூடப்பட்டதால் செக் திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு (செக் திரும்பினால் வரும் கிரிமினல் வழக்கு) பாயும். அதனால் ஓ.டி.யை முடித்தாலும் பழையதைச் சாதாரணக் கரண்ட் அக்கவுண்ட்டாக, கையில் கொஞ்சம் பணத்தோடு மூன்று மாதம் வைத்திருக்க முடியுமா என்று இரண்டு வங்கியிடமும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டல், ஸ்வைப் மெஷின், இன்சூரன்ஸ் ஆட்டோ டெபிட் மூன்றையும் மாற்றுங்கள். அப்புறம் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். ஸ்டிக்கரைக் கிழித்தால் மட்டும் போதாது. படகுக்காரர்கள் போனில் உங்கள் பழைய யு.பி.ஐ. முகவரிதான் இருக்கும், நடுக்கடலில் இருந்து திரும்பியதும் கரையில் நின்றபடியே அதற்குத்தான் அனுப்புவார்கள், ஒவ்வொருவரிடமும் நீங்களே சொல்லி மாற்ற வைக்க வேண்டும்.